டைனோசர்களை முடித்தது மெக்சிகோ விண்கல்லா, தக்காண எரிமலையா?

தேநீர்ப்பித்தன்:

6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் மெக்சிகோவில் ஒரு விண்கல் விழுந்தது, டைனோசர்கள் ஒழிந்தன. எல்லாப் பாடப்புத்தகத்திலும் இதுதான் இருக்கிறது. அதே சமயத்தில் மகாராஷ்டிரத்தில், தக்காணப் பீடபூமியில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை மட்டும் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. பூமி பிளந்து லாவா வெளியே வந்து அடுக்கு மேல் அடுக்காகப் படிந்துகொண்டிருந்தது. மழையும் ஆறும் கரைத்தது போக இன்று மிச்சம் இருப்பதே சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. மகாபலேஷ்வர் பக்கம் அடுக்கின் கனம் 2 கிலோமீட்டரைத் தாண்டும். அஜந்தாவும் எல்லோராவும் குடைந்ததெல்லாம் இந்தக் கல்லில்தான்.

இதற்கு முந்தைய பேரழிவுகளைப் பாருங்கள். 25.2 கோடி ஆண்டுக்கு முன் பெர்மியன் முடிவில் கடல் உயிரினங்களில் பத்தில் எட்டு ஒன்பது இனங்கள் போயின. அப்போது சைபீரியாவில் லாவா வெள்ளம். 20.1 கோடி ஆண்டுக்கு முன் டிரயாசிக் முடிவில் இன்னொரு அழிவு. அப்போது அட்லாண்டிக் கடல் பிறக்கவிருந்த இடத்தில் லாவா வெள்ளம். இரண்டுக்கும் எரிமலைதான் காரணம் என்று ஒப்புக்கொள்பவர்கள், டைனோசர்கள் ஒழிந்த கிரெட்டேசியஸ் காலத்தின் முடிவுக்கு மட்டும் ஏன் விண்கல்லைத் தேடிப் போகிறார்கள்? அமெரிக்கர்கள் கண்டுபிடித்தார்கள் என்பதாலா? நிலவியல் படித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

கல்லுளி:

நிலவியல் முதுகலை படித்தவன், இப்போது வேறு வேலை. இருந்தாலும் இந்த விஷயத்தை விடாமல் படித்து வருகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், விண்கல்லை யாரும் தேடிப் போகவில்லை. இத்தாலியில் குப்பியோ என்ற ஊருக்குப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் சுண்ணாம்புக்கல் அடுக்குகளுக்கு நடுவே ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் களிமண் இருக்கிறது. அதற்குக் கீழே கிரெட்டேசியஸ் காலத்து நுண்ணுயிர் ஓடுகள், மேலே கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அந்தக் களிமண் படிய எத்தனை ஆண்டு ஆனது என்று நிலவியலாளர் வால்டர் ஆல்வரெஸ் தெரிந்துகொள்ள விரும்பினார். வானத்திலிருந்து விழும் தூசியில் இரிடியம் என்ற உலோகம் உண்டு, பூமியின் மேலோட்டில் அது மிக அரிது. தூசி ஒரே சீராக விழுகிறது என்று வைத்துக்கொண்டால் இரிடியத்தை அளந்து காலத்தைக் கணக்கிடலாம் என்பது அவர் அப்பா லூயிஸ் ஆல்வரெஸின் யோசனை. அளந்து பார்த்தால் வழக்கத்தைவிட 30 மடங்கு. டென்மார்க்கின் ஸ்டெவன்ஸ் கிளிண்ட் களிமண்ணில் 160 மடங்கு. மெதுவாக விழும் தூசிக் கணக்கில் இது அடங்கவே அடங்காது. 1980ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில்தான் சுமார் 10 கிலோமீட்டர் அகலச் சிறுகோள் என்ற எண்ணம் வந்தது.

அமெரிக்கர்கள் என்கிறீர்கள். அதே 1980ல் நெதர்லாந்தின் யான் ஸ்மித் ஸ்பெயினில் காரவாகா என்ற இடத்துக் களிமண்ணில் அதே இரிடியத்தைத் தனியாகக் கண்டார். விண்கல் விழுந்த பள்ளத்தைக் கண்டவர்களில் ஒருவர் மெக்சிகோக்காரர், அன்டோனியோ கமார்கோ. அவரும் கிளென் பென்ஃபீல்டும் 1970களின் கடைசியில் அந்நாட்டு எண்ணெய் நிறுவனத்துக்காக யுகாட்டான் கடலோரத்தை அளந்தபோது வட்டமான ஓர் அமைப்பைப் பார்த்தார்கள். 1981ல் ஒரு மாநாட்டில் சொன்னார்கள், கேட்பார் இல்லை. 1991ல்தான் சிக்சுலூப் பள்ளம்தான் அது என்று உலகம் ஏற்றது. சுமார் 180 கிலோமீட்டர் விட்டம்.

மாட்டுங்கா வாசி:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். மும்பையில் பிறந்து வளர்ந்தவள், அந்த லாவா மேல்தான் எங்கள் குடித்தனமே. புனே போகும் ரயிலில் கண்டாலா ஏறும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் மலை முழுக்கக் கிடையான பட்டைகளாகத் தெரியும். ஒவ்வொரு பட்டையும் ஒரு முறை ஓடிய லாவா. சில பட்டைகளுக்கு நடுவே செங்கல் நிறத்தில் ஒரு மெல்லிய அடுக்கு வரும். லாவா ஆறி, மேல்பகுதி மழையில் மக்கி மண்ணான பிறகு அடுத்த லாவா வந்திருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளமாம். அந்தேரியில் கில்பர்ட் ஹில் என்று 60 மீட்டர் உயரத்துக்குத் தூண் தூணாக நிற்கும் கல்லும் அதே குடும்பம்தான். சுற்றிலும் அடுக்குமாடிக் கட்டடங்கள், மேலே ஒரு கோயில்.

எனக்குப் பிடித்தது தவளை. மும்பையில் லாவா அடுக்குகளுக்கு நடுவே படிந்த ஏரிச் சேற்றில் குட்டித் தவளைகளின் எலும்புக்கூடுகள் நிறையக் கிடைத்தன. 19ஆம் நூற்றாண்டிலேயே ரிச்சர்ட் ஓவன் அவற்றைப் பற்றி எழுதிவிட்டார். லாவா ஓடும் ஊரில் தவளை எப்படிப் பிழைத்தது என்று சின்ன வயதிலிருந்தே யோசித்திருக்கிறேன்.

தேநீர்ப்பித்தன்:

கல்லுளி சார், விரிவாகச் சொன்னதற்கு நன்றி. ஆனால் விண்கல் விழவே இல்லை என்று நான் சொல்லவில்லை. விழுந்தது, சரி. கொன்றது அதுதானா என்பதுதான் கேள்வி. பிரின்ஸ்டனின் கெர்டா கெல்லர் பல பத்தாண்டுகளாக இதைத்தான் கேட்கிறார். ஆந்திரக் கடலோரத்தில் ஓஎன்ஜிசி தோண்டிய கிணறுகளின் மாதிரிகளை எடுத்து, லாவா அடுக்குகளுக்கு நடுவே கடல் நுண்ணுயிர்கள் படிப்படியாக அழிந்ததைக் காட்டியிருக்கிறார். தக்காணத்திலிருந்து லாவா 1000 கிலோமீட்டர் ஓடி ராஜமுந்திரி வரை வந்திருக்கிறது. இவ்வளவு பெரிய சம்பவத்தை ஓரமாக வைக்க முடியுமா?

இரிடியம் பூமியின் ஆழத்திலும் உண்டு. எரிமலையே அதைக் கொண்டுவந்திருக்கலாமே?

கல்லுளி:

இரிடியத்தை முதலில் முடித்துவிடலாம். அந்தக் களிமண்ணில் இரிடியம் மட்டும் இல்லை. மிகப் பெரிய அதிர்ச்சியில் மட்டும் உண்டாகும் கோடுகளோடு குவார்ட்ஸ் மணிகள் இருக்கின்றன, உருகித் தெறித்து ஆறிய கண்ணாடி உருண்டைகள் இருக்கின்றன. எரிமலையால் அந்தக் கோடுகளைப் போட முடியாது. 2024ல் அதே களிமண்ணில் ருத்தீனியம் என்ற உலோகத்தின் ஐசோடோப்புகளை (எடை மட்டும் வேறுபடும் அணு வகைகளை) அளந்தவர்கள் வியாழனுக்கு அப்பால் உருவான கார்பன் மிகுந்த சிறுகோள் வகையோடு அது பொருந்துகிறது என்று காட்டினார்கள். தக்காண லாவாவோடு பொருந்தவில்லை. இந்தப் பகுதியில் இனிச் சண்டைக்கு இடமில்லை.

மாட்டுங்கா அக்காவின் தவளையும் செங்கல் நிற அடுக்கும்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. லாவா இடைவிடாமல் ஓடவில்லை. ஓடும், பிறகு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஓய்வு. அந்த ஓய்வில் ஏரி உண்டாகும், மரம் முளைக்கும், உயிர்கள் திரும்பி வரும். அந்தத் தவளைகள் அழிவுக்குப் பிந்தைய கால அடுக்கைச் சேர்ந்தவை. டைனோசர்களுக்கும் இதே போன்ற சான்று உண்டு. கட்ச் பகுதியில் அஞ்சார் என்ற இடத்தில் இரண்டு லாவா அடுக்குகளுக்கு நடுவே படிந்த சேற்றில் டைனோசர் எலும்பும் முட்டை ஓடும் கிடைத்திருக்கின்றன. அதாவது லாவா ஓடத் தொடங்கிய பிறகும், அதே ஊரில் அவை வாழ்ந்து முட்டையிட்டிருக்கின்றன. எரிமலைக்குப் பக்கத்து வீட்டிலேயே பிழைத்தவற்றை அந்த எரிமலை கனடாவிலும் மங்கோலியாவிலும் கொன்றது என்றால் கூடுதல் விளக்கம் வேண்டும்.

விளக்கம் என்றால் வாயுதான். லாவா தொட்டு யாரும் சாகவில்லை. கரியமில வாயு வெளியே வந்தால் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் மெதுவாகச் சூடேறும். கந்தக வாயு வந்தால் சில ஆண்டுகள் குளிரும், அமில மழை பெய்யும். ஆகவே எவ்வளவு லாவா என்பதைவிட எவ்வளவு வேகத்தில், எப்போது என்பதுதான் கேள்வி. 2019ல் ஒரே இதழில் இரண்டு ஆய்வுகள் வந்தன. பிளேர் ஷோன் குழு லாவா அடுக்குகளுக்கு நடுவே இருந்த ஜிர்கான் மணிகளை யுரேனியம்-ஈய முறையில் அளந்தது. நான்கு பெரிய வீச்சுகள், அதில் ஒன்று அழிவுக்குச் சில பத்தாயிரம் ஆண்டுகள் முன்பு என்றது. கோர்ட்னி ஸ்ப்ரெய்ன் குழு லாவாவையே ஆர்கான் முறையில் அளந்து, முக்கால் பங்கு லாவா அழிவுக்குப் பிறகுதான் வந்தது என்றது. இரண்டுமே நல்ல குழுக்கள், ஒரே மலை! முதலாவது சரி என்றால் எரிமலைக்கு வாய்ப்பு இருக்கிறது. இரண்டாவது சரி என்றால் செத்தபின் வந்த லாவா எப்படிக் கொல்லும்?

இங்கேதான் 2020ல் பின்செல்லி ஹல் குழுவின் வேலை உதவுகிறது. அவர்கள் லாவாவை விட்டுவிட்டு, கடலடிச் சேற்றில் பதிவான வெப்பநிலையைப் பார்த்தார்கள். லாவா எப்போது வந்தால் என்ன, வாயு எப்போது வந்தது என்பது கடலுக்குத் தெரியும் அல்லவா? சுமார் 2 டிகிரி சூடு ஏறியிருக்கிறது. ஆனால் விண்கல் விழுவதற்கு முன்பே ஏறி, விழுவதற்கு முன்பே இறங்கியும் விட்டது. அந்தச் சூட்டில் பெரிய அழிவு எதுவும் இல்லை. விண்கல் அடுக்குக்கு மேலேதான் எல்லாம் திடீரென்று காணாமல் போகிறது. பால் ரென் குழு 2013ல் அளந்தபடி விண்கல்லும் அழிவும் 32,000 ஆண்டு இடைவெளிக்குள் பொருந்துகின்றன. அளவுகோலின் பிழையே அவ்வளவுதான்.

சைபீரியாவோடு ஒப்பிட்டதற்கும் பதில் சொல்ல வேண்டும். அங்கே மேக்மா, அதாவது பூமிக்குள் உருகிய பாறை, நிலக்கரி, உப்பு, எண்ணெய் நிறைந்த படிவப் பாறைகளுக்குள் புகுந்து அவற்றை வேகவைத்தது. லாவாவின் சொந்த வாயுவோடு வெந்த கரியின் வாயுவும் சேர்ந்துகொண்டது. தக்காணத்துக்குக் கீழே பெரும்பகுதி கிரானைட், நைஸ் போன்ற பழைய படிகப் பாறை. நம் நாட்டிலேயே ராஜ்மஹால் மலையில் சுமார் 11.7 கோடி ஆண்டுக்கு முந்தைய லாவா வெள்ளம் இருக்கிறது, பிரேசில் பக்கம் பரானாவில் 13 கோடி ஆண்டுக்கு முந்தையது இன்னும் பெரிது. இரண்டு சமயத்திலும் பேரழிவு இல்லை. லாவா வெள்ளம் என்றாலே அழிவு என்று ஆகிவிடாது.

சும்மா ஒரு டவுட்:

நான் ஒரு வீடியோவில் பார்த்தேன். மெக்சிகோவில் இடித்த இடியில் பூமிக்கு நேர் எதிர்ப்பக்கம் இந்தியாவில் பிளந்து லாவா வந்ததாம். அப்போ இரண்டு கட்சியும் ஒரே கட்சிதானே?

கல்லுளி:

இல்லை தம்பி. அப்போது இந்தியா தனியாக வடக்கே நகர்ந்துகொண்டிருந்த பெரிய தீவு. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே, இன்றைய ரீயூனியன் தீவு இருக்கும் பக்கத்தில் இருந்தது. மெக்சிகோவுக்கு நேர் எதிர்ப்பக்கம் அது இல்லை, பல ஆயிரம் கிலோமீட்டர் விலகியிருந்தது. அதோடு, லாவா விண்கல்லுக்கு முன்பே ஓடத் தொடங்கிவிட்டது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததை அந்த அதிர்ச்சி வேகப்படுத்தியிருக்கலாம் என்று 2015ல் மார்க் ரிச்சர்ட்ஸ் குழு எழுதியது. அது வேறு வாதம், இன்னும் முடியவில்லை.

கோவில்பட்டிப் பேரன்:

அப்படியே ஒரு கேள்வி. எங்கள் ஊர்க் கரிசல் மண்ணும் அந்த லாவா மக்கியதுதானா? பள்ளியில் அப்படித்தான் படித்த ஞாபகம்.

கல்லுளி:

மகாராஷ்டிரக் கரிசல் லாவாவிலிருந்து வந்தது. தமிழ்நாட்டுக் கரிசல் பெரும்பாலும் இங்குள்ள பழைய நைஸ் பாறைகள் மக்கியது. லாவா இவ்வளவு தெற்கே வரவில்லை.

அரியலூர்க்காரன்:

இவ்வளவு நேரம் பொறுமையாகப் படித்தேன். எங்கள் ஊர்ப் பெயரையே யாரும் எடுக்கவில்லையே ஐயா!

கிரெட்டேசியஸ் கடலின் கரை எங்கள் அரியலூர், பெரம்பலூர்தான். காரை பக்கம் போனால் வெறும் மண்மேடாகத் தெரியும், குனிந்தால் அம்மோனைட், சுருள் ஓட்டோடு வாழ்ந்து அழிந்துபோன கடல் உயிரி. கல்லங்குறிச்சியில் சிப்பிகள் மட்டுமே குவிந்து பாறையாகிக் கிடக்கின்றன. இங்கே இத்தனை சிமெண்ட் ஆலைகள் வந்தது அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்பால்தான். 1840களிலேயே இந்தப் பக்கத்துச் சங்குகளும் அம்மோனைட்டுகளும் லண்டனுக்குப் போய் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை விவரித்துவிட்டார். பிறகு ஸ்டோலிச்கா பல ஆண்டுகள் உட்கார்ந்து தொகுதி தொகுதியாக எழுதினார்.

கல்லமேட்டில் டைனோசர் எலும்பே கிடைத்தது. 1987ல் யாதகிரியும் அய்யாசாமியும் ப்ருஹத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். முழங்காலுக்குக் கீழ் எலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம். உண்மையானால் உலகின் மிகப் பெரிய தரைவாழ் விலங்குகளில் ஒன்று. முதலில் அதை மாமிசம் தின்னும் வகையில் சேர்த்திருந்தார்கள், பிறகுதான் நீண்ட கழுத்துத் தாவர உண்ணி என்று மாறியது. வெறும் கல்மரத் துண்டாக இருக்கும் என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. எடுத்துச் சோதிக்கலாம் என்றால் எலும்பே இல்லை, மழையில் நனைந்து பொடிப்பொடியாகிவிட்டது. இதை நினைத்தால் எனக்கு வயிறு எரியும். மிஞ்சியிருப்பது படங்களும் அளவுகளும்தான், அவற்றை வைத்துக்கொண்டு இன்னும் வாதிடுகிறார்கள்.

அப்புறம் 2020 டிசம்பரில் குன்னம் பக்கம் டைனோசர் முட்டை என்று வாட்ஸ்அப்பில் ஓடியதே, அது முட்டை இல்லை. அம்மோனைட்டைச் சுற்றி மண் இறுகி உருண்டையானது. உடைத்தால் நடுவே சுருள் இருக்கும். ஆனால் ஊருக்குள் இன்னும் முட்டைதான்.

கல்லுளி சாரிடம் ஒன்று கேட்க வேண்டும். எங்கள் ஊரில் அந்த இரிடியக் களிமண் இருக்கிறதா?

கல்லுளி:

அழிவுக்கு முந்தைய கடைசி அடுக்கு கல்லமேடு. அது கடல் பின்வாங்கியபின் ஆறு கொண்டுவந்து போட்ட மணலும் களிமண்ணும். மேலே நின்னியூர்ச் சுண்ணாம்பு, கடல் திரும்பி வந்தபின் படிந்தது. நடுவே காலம் விடுபட்டிருக்கிறது, அதில்தான் நாம் தேடும் அந்த மெல்லிய அடுக்கும் போய்விட்டது. மேகாலயாவில் உம் சோரிங்கியூ ஆற்றங்கரையில் நல்ல அடுக்கு இருக்கிறது, இரிடியமும் அங்கே கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆனால் கல்லமேட்டுக்கு வேறொரு மதிப்பு உண்டு. அங்கே கிடைத்த சின்ன முதலை வகைப் பற்கள் மடகாஸ்கர் உயிர்களோடு உறவு காட்டுகின்றன. இந்தியா எதிலிருந்து பிரிந்தது என்பதை அந்தப் பற்கள் சொல்கின்றன.

பயாலஜி டீச்சர்:

கல்லையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், உயிர் பக்கம் கொஞ்சம் வாருங்கள். யார் செத்தார்கள், யார் தப்பினார்கள் என்று பார்த்தாலே பாதி விடை கிடைக்கும்.

அம்மோனைட் முழுக்கப் போய்விட்டது. அதன் உறவு நாட்டிலஸ் இன்றும் இருக்கிறது. அம்மோனைட் குஞ்சுகள் மிகச் சிறியவை, கடலின் மேல்மட்டத்தில் மிதந்தபடி நுண்ணுயிரைத் தின்று வளர்ந்தவை. நாட்டிலஸ் பெரிய முட்டையிடும், குஞ்சு மஞ்சள் கருவோடு பிறக்கும், பெரியவை ஆழத்தில் கிடைத்ததைத் தின்னும். மேல்மட்டக் கடல் ஒரே அடியாகச் செத்தால் யார் போவார்கள் என்று இதிலேயே தெரிகிறது. நெதர்லாந்தில் ஒரு குகைச் சேற்றின் போரான் ஐசோடோப்பை அளந்தவர்கள், விண்கல்லை ஒட்டிக் கடல் திடீரென அமிலமாக மாறியதைக் காட்டினார்கள். அதற்கு முன் மெதுவாக அமிலமாகிக்கொண்டே வந்ததற்கு அறிகுறி இல்லை.

நிலத்திலும் அதே கதை. இலையை நம்பியவையும், இலை தின்றவற்றை நம்பியவையும் போயின. ஆற்றிலும் குளத்திலும் மக்கிய குப்பையை நம்பிய ஆமை, முதலை, தவளை பிழைத்தன. மண்ணுக்குள் தூங்கும் விதையைக் கொத்தித் தின்ற பறவைகள் பிழைத்தன. பல மாதம் வெளிச்சமே இல்லாமல் ஒளிச்சேர்க்கை நின்றால் என்ன நடக்குமோ, அப்படியே இருக்கிறது. எரிமலைச் சூடு ஏற ஆயிரக்கணக்கான ஆண்டு ஆகும். அதில் உயிர்கள் இடம் மாறலாம், தகவமையலாம். இருட்டுக்கு யார் தகவமைவது?

வட டகோட்டாவில் டானிஸ் என்ற இடத்தில் மீன்கள் செவுளில் கண்ணாடி உருண்டைகளோடு புதைந்து கிடக்கின்றன. 2022ல் அவற்றின் எலும்பு வளையங்களைப் பார்த்து, விழுந்தது வடக்கே வசந்த காலத்தில் என்றார்கள். குஞ்சு பொரிக்கும் நேரம்.

தேநீர்ப்பித்தன்:

டீச்சர் சொன்னது யோசிக்க வைக்கிறது. ஆனால் நான் இன்னும் முழுக்கக் கட்சி மாறவில்லை. இருட்டுக்கு எங்கிருந்து அவ்வளவு தூசி வந்தது? பத்து கிலோமீட்டர் கல் ஒன்று உலகம் முழுவதையும் மூடுமா?

பயாலஜி டீச்சர்:

கல் விழுந்த இடமும் காரணம். யுகாட்டான் முழுக்கச் சுண்ணாம்பும், கந்தகம் உள்ள ஜிப்சமும். 2016ல் பள்ளத்தின் உள்வளையத்தைத் துளைத்து எடுத்த பாறையில் ஜிப்சம் இருக்க வேண்டிய அளவு இல்லை, ஆவியாகிவிட்டது. அந்தக் கந்தகம் மேலே போய்ச் சூரியனை மறைத்தது. அதோடு பொடியான பாறைத் தூசி, எரிந்த காட்டின் கரி. முதல் நாளிலேயே பள்ளத்துக்குள் சுமார் 130 மீட்டர் கனத்துக்கு இடிபாடு குவிந்திருக்கிறது. ஆழக்கடலில் விழுந்திருந்தால் டைனோசர்கள் பிழைத்திருக்கும், நாம் இங்கே தட்டச்சு செய்துகொண்டிருக்க மாட்டோம் என்று நினைக்கிறேன், அது என் சொந்தக் கருத்து.

மாட்டுங்கா வாசி:

அதன்பிறகு பாலூட்டிகள் எத்தனை சீக்கிரம் வளர்ந்தன, டீச்சர்?

பயாலஜி டீச்சர்:

கொலராடோவில் கோரல் பிளஃப்ஸ் என்ற இடத்தில் இது நன்றாகப் பதிவாகியிருக்கிறது, 2019ல் வெளியானது. முதலில் எலி அளவுள்ளவை மட்டும். எங்கு பார்த்தாலும் பெரணி. ஒரு லட்சம் ஆண்டில் பாலூட்டி இனங்கள் இரட்டிப்பாகின. ஏழு லட்சம் ஆண்டு வாக்கில் 50 கிலோ எடை வரை வந்துவிட்டன. அதே அடுக்கில் அவரைக் குடும்பத்தின் மிகப் பழைய காய்களில் சிலவும் கிடைத்தன. சத்துள்ள தீனி வந்ததும் உடம்பு வைத்திருக்கிறது. சாம்பார்க்காரர்கள் பெருமைப்படலாம்.

தேநீர்ப்பித்தன்:

சரி, இப்படி முடிக்கிறேன். கொன்றது விண்கல் என்பதற்குச் சான்று பலமாக இருக்கிறது, ஏற்கிறேன். ஆனால் ஸ்ப்ரெய்ன் சொல்வது போல முக்கால் பங்கு லாவா அழிவுக்குப் பிறகு வந்தது என்றால், பிழைத்தவை தலைதூக்க அவ்வளவு காலம் எடுத்ததில் தக்காணத்துக்குப் பங்கு இல்லையா? அதைப் பற்றி யாரும் பேசவே மாட்டேன் என்கிறீர்கள்.

கல்லுளி:

அது நியாயமான கேள்வி, ஆராய்கிறவர்களும் இருக்கிறார்கள். எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. 2020ல் வந்த ஒரு காலநிலை மாதிரி, எரிமலையின் கரியமில வாயு விண்கல் கொண்டுவந்த குளிரைக் கொஞ்சம் குறைத்து உயிர்களுக்கு உதவியிருக்கலாம் என்றது. முதலில் லாவாவுக்குத் தேதி சரியாக வேண்டும். ஷோன், ஸ்ப்ரெய்ன் இருவரின் எண்களும் ஒத்துப்போகும் வரை இந்த இழையைப் பூட்ட வேண்டாம் என்று நிர்வாகியைக் கேட்டுக்கொள்கிறேன்.

சும்மா ஒரு டவுட்:

அரியலூர் அண்ணா, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தால் எங்கே பார்ப்பது?

அரியலூர்க்காரன்:

வாரணவாசியில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, முதலில் அங்கே போங்கள் தம்பி. பார்த்தபிறகு வெளியே கிடக்கும் கல் எது என்று பிள்ளைகளுக்கே தெரியும். அடுத்து சாத்தனூர்க் கல்மரம், 18 மீட்டர் நீளம், 1940ல் எம்.எஸ். கிருஷ்ணன் வெளியுலகுக்குக் காட்டியது. மேப்பில் தேடும்போது பெரம்பலூர் மாவட்டம் என்று பார்த்துப் போடுங்கள், இல்லாவிட்டால் திருவண்ணாமலை சாத்தனூர் அணைக்குக் கொண்டுபோய்விடும். காரை மேட்டுக்குக் காலையிலேயே போய்விடுங்கள், அங்கே ஒரு மரம் கிடையாது. எதையும் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள், ஏற்கெனவே பாதி போய்விட்டது.